துளையிடாத தொட்டிக்கு சைஃபன் ஓவர்ஃப்ளோ

மீன்தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் துணைத்தொட்டி வைத்தால், மேல்தொட்டித் தண்ணீர் தானாக இறங்க வேண்டும். இறங்கியதை ரிட்டர்ன் பம்பு திரும்ப ஏற்ற வேண்டும். தண்ணீரை இறக்க நம்பகமான வழி, கண்ணாடியில் துளையிட்டு டேங்க் நிப்பிள் பொருத்துவதுதான். சாதாரணக் கண்ணாடியை ஒட்டிச் செய்யும் தொட்டி என்றால், செய்யும்போதே கடையில் சொல்லித் துளை போட்டுக்கொள்ளலாம். டஃபன்டு கண்ணாடியில் அது நடக்காது; துளைக்கப் போனால் பலகை முழுவதும் பொடியாகிவிடும். மீனும் பவளமும் வாழ்ந்துகொண்டிருக்கும் தொட்டியைக் காலிசெய்து துளைக்கவும் யாருக்கும் மனம் வராது. சைஃபன் ஓவர்ஃப்ளோ இந்த இரண்டு நிலைமைகளுக்கான கருவி. புதுத் தொட்டி செய்யச் சொல்பவர் இதைத் தேடவே வேண்டாம்.

இதில் இரண்டு பெட்டிகள் உண்டு. பல் வெட்டிய விளிம்புள்ள பெட்டி தொட்டிக்குள்ளும், வடிகுழாய் உள்ள பெட்டி வெளியிலும் தொங்கும். கண்ணாடி விளிம்பைத் தாண்டி இரண்டையும் இணைப்பது தலைகீழாகக் கவிழ்த்த யூ குழாய். அதன் இரு முனைகளும் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். பம்பு ஓடினால் உள்பெட்டியின் மட்டம் சற்று உயர்ந்து, அந்த வேறுபாடு தண்ணீரை வெளிப்பெட்டிக்குத் தள்ளும். மின்சாரம் நின்றால் இரு பெட்டிகளின் மட்டமும் சமமாகி ஓட்டம் நிற்கும். ஆனால் குழாய் நிறைந்தே இருக்கும். மின்சாரம் வந்ததும் ஓட்டம் தானே தொடங்கும். வெறும் குழாயை விளிம்பில் வளைத்துப் போட்டால் கிடைக்காத பாதுகாப்பு இதுதான்.

பலவீனம் குழாயின் உச்சியில் இருக்கிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதனால் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று அந்த இடத்தில் குமிழியாகப் பிரியும். ஏர் ஸ்டோனிலிருந்தும் அலை பம்பிலிருந்தும் வரும் நுண்குமிழிகளும் அங்கே போய்ச் சேரும். குமிழிகள் கூடிக் கூடி உச்சியை அடைத்தால் சைஃபன் அறுந்துவிடும். பம்புக்கு அது தெரியாது. சம்பில் எஞ்சியதையெல்லாம் மேலே ஏற்றித் தரையில் கொட்டிவிடும்.

ஆகவே தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது குழாய்க்குள் தண்ணீர் ஓடும் வேகம். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட உச்சக் கொள்ளளவு பிறகுதான். சில மில்லிமீட்டர் அளவுள்ள குமிழி தண்ணீரில் விநாடிக்குச் சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் வேகத்தில் மேலேறும். இறங்கும் தண்ணீர் அதைவிட நன்றாக வேகமாக ஓடினால்தான் குமிழியை வெளிப்பெட்டிக்கு இழுத்துப் போக முடியும். மணிக்கு 1000 லிட்டர் ஓட்டம், உள்விட்டம் 25 மி.மீ. உள்ள குழாயில் விநாடிக்கு ஏறக்குறைய 57 சென்டிமீட்டர் வேகம் பெறும். அதே ஓட்டம் 40 மி.மீ. குழாயில் 22 சென்டிமீட்டராகச் சரிந்துவிடும். பெரிய குழாய் பாதுகாப்பானது என்று வாங்குபவர் ஆபத்தைத்தான் வாங்குகிறார். இரட்டை யூ குழாய் மாடல்களுக்கும் இது பொருந்தும். ஒன்று அறுந்தால் மற்றொன்று காக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓட்டம் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் வேகம் பாதியாகிறது. பம்பு அதற்கேற்ற அளவு ஓடினால் மட்டுமே இரட்டைக் குழாய் நல்லது. பம்பின் ஓட்டத்தையும் பெட்டியில் எழுதியபடி எடுத்துக்கொள்ளக் கூடாது. சம்பிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றும்போது கணிசமாகக் குறையும். வாளியும் கடிகாரமும் வைத்து அளப்பதே சரி.

சந்தையில் கிடைப்பவற்றில் ஈஷாப்ஸ், லைஃப்ரீஃப் போன்றவை யூ குழாய் வகை. குழாய் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதால் உச்சியில் குமிழி சேருவதை ஒரு பார்வையில் கண்டுகொள்ளலாம். இந்த வகையின் பெரிய நன்மை இதுவே. சிபிஆர் நிறுவனத்தின் சிஎஸ் வரிசையில் தனிக் குழாய் இல்லை. அகலமான தட்டைப் பாதை ஒன்றே விளிம்பைத் தாண்டுகிறது. மேல்படலத்தை நன்றாக வழித்தெடுக்கும், பார்க்கவும் அடக்கமாக இருக்கும். ஆனால் அகலப் பாதையில் வேகம் குறைவு; சேரும் காற்றை இடைவிடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு வழக்கமாகப் பயன்படுவது அக்வா லிஃப்டர் என்ற சிறு பம்பு; மணிக்குச் சுமார் 13 லிட்டர்தான் இழுக்கும். அதன் மெல்லிய குழாயோ வடிகட்டியோ அடைத்துக்கொண்டால் வெள்ளம் வரும். வெள்ளத்தைத் தடுக்கும் பொறுப்பை இவ்வளவு சிறிய கருவியிடம் விடும் அமைப்புக்கு முதலிடம் தருவதற்கில்லை.

மூன்றாவது வகை, பிளம்பிங் கடையில் எல்போவும் டீயும் வாங்கி சொலூஷன் போட்டு ஒட்டிச் செய்யும் பிவிசி ஓவர்ஃப்ளோ. மலிவு; சரியாகச் செய்தால் மின்தடைக்குப் பிறகு தானே தொடங்கும். வெளிப்புற டீயின் உயரம் மட்டும் தவறக் கூடாது: உள்ளே இருக்கும் வாய்க்குச் சற்றுத் தாழ்வாகவும், உள்வளைவின் அடிப்பகுதிக்கு மிக உயரமாகவும் இருக்க வேண்டும். குறை என்னவென்றால் உள்ளே நடப்பது தெரியாது. உள்ளே பிரஷ் விடவும் கடினம்.

எந்த வகையானாலும் சைஃபன் ஒருநாள் அறும் என்று வைத்தே சம்பைத் திட்டமிட வேண்டும். 120 × 45 செ.மீ. தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் சுமார் 5.4 லிட்டர். ஓடும் மட்டத்துக்கு மேல் 3 செ.மீ. இடம் இருந்தால் அது 16 லிட்டரைத் தாங்கும். ஆகவே சம்பின் பம்பு அறையில் பம்பு இழுக்கக்கூடிய தண்ணீர் அதற்குள் இருக்க வேண்டும். அப்போது சைஃபன் அறுந்தாலும் பம்பு வறண்டு போகுமே தவிர வீடு நனையாது. இதைக் கெடுக்கக்கூடியது, ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் தானியங்கி டாப் அப். பம்பு அறை வறள வறள அது நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்கும்; கடல்நீர்த் தொட்டியில் உப்பளவும் சரியும். அதன் நீர்க்கலனைச் சிறிதாக வைப்பதும், அதையும் சேர்த்துக் கணக்கிடுவதும் அவசியம்.

மின்தடைக்கான கணக்கு வேறு. பம்பு நின்றதும் மேல்தொட்டி விளிம்புப் பற்கள் வரை இறங்கும். ரிட்டர்ன் குழாயின் வாய் அதற்கும் கீழே மூழ்கியிருந்தால் அது வழியாகவும் பின்னோக்கி வடியும். இரண்டும் சேர்ந்து 5 செ.மீ. என்றால் 27 லிட்டர். சம்பில் அவ்வளவு காலியிடம் வேண்டும். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போட்டால் காற்று புகுந்து பின்னோட்டம் நிற்கும். செக் வால்வை நம்புவது சரியல்ல. ஒரு நத்தை ஓடு சிக்கினாலே மூடாது.

பராமரிப்பில் கடினமானது எதுவும் இல்லை; தவறாமல் செய்வதுதான் பாடு. விளிம்புப் பற்களில் படியும் பாசியை வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும். பற்கள் அடைத்தால் மேல்தொட்டி மட்டம் உயர்ந்து, மேலே சொன்ன 3 சென்டிமீட்டர் கணக்கே பொய்யாகும். பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் இருந்தால் சில நாளுக்கு ஒருமுறை அலச வேண்டும்; முடியாதவர் எடுத்துவிடுவது மேல். யூ குழாயில் வெளிச்சம் பட்டுப் பாசி வளரும். சொரசொரப்பான சுவரில் குமிழி எளிதாக ஒட்டிக்கொள்ளும். கருப்பு டேப் சுற்றினால் பாசி வராது, ஆனால் குமிழியும் தெரியாது. கழற்றி மாட்டக்கூடிய கருப்பு உறை போதும். மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றி நீளமான பிரஷால் தேய்த்து, சுண்ணப் படிவு இருந்தால் வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம். திரும்ப மாட்டும்போது இரு பெட்டிகளையும் நிரப்பி, மெல்லிய ஏர் ட்யூபைக் குழாயின் உச்சி வரை செருகி, காற்று முழுவதும் வரும்வரை உறிஞ்சிவிட்டு ட்யூபை உருவ வேண்டும்.

ரிட்டர்ன் குழாயின் சிறு துளையை அதே நாளில் ஊசியால் குத்தித் திறந்துவிட்டு, பம்பை நிறுத்தி மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டம் தயங்கினாலோ, குழாய் உச்சியில் காற்று நின்றாலோ, சரிசெய்யாமல் அந்தத் தொட்டியை இரவு முழுவதும் ஓடவிடக் கூடாது.