கேமராப் பதிவும் மெய்நிகர் சர்வரும்

அலுவலகக் கணினிப் பணிகளுக்கென வளர்ந்த மெய்நிகராக்கம் இன்று கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுக்கும் வந்துவிட்டது. ஒரே கணினிப் பெட்டியில் பல மெய்நிகர் சர்வர்கள் ஓடுவதால் இடமும் மின்சாரமும் மிச்சமாகின்றன. அதைவிடப் பெரிய வலிமை மீட்புத்திறன்: ஒரு பெட்டி செயலிழந்தால் அதிலிருந்த பதிவு சர்வர் வேறொரு பெட்டியில் தானாகவே எழுந்து ஓடும். அது எழும்வரை சில நிமிடப் பதிவு விடுபடும்; கேமராவிலேயே மெமரி கார்டு இருந்தாலொழிய அந்த இடைவெளி நிரம்பாது.

சிக்கல் சேமிப்பகத்தில்தான். நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் கேமரா நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிபி எழுதும். 200 கேமராக்கள் என்றால் நொடிக்கு 100 எம்பி, இரவு பகல் ஓயாமல். 30 நாளுக்கு ஏறத்தாழ 260 டிபி. காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எந்நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. 18 மாதக் கணக்கில் அப்படிப்பட்ட ஒற்றைக் கேமராவுக்கே 23 டிபிக்கு மேல் வேண்டும்.

இடத்தை மிச்சம் பிடிக்கும் வழக்கமான உத்திகள் இங்கே பலிப்பதில்லை. எச்.265 முறையில் பதிவாகும் காட்சி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. மேலும் சுருக்க முயல்வது வீண் உழைப்பு. தேவைக்கேற்ப இடம் ஒதுக்கும் முறையிலும் பயனில்லை, பதிவு டிஸ்க் எப்படியும் நிரம்பியே தீரும். சர்வரின் அந்நேர நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை எடுத்துவிட்டு மறந்தாலோ ஆபத்து: அதன்பின் எழுதப்படுவதெல்லாம் தனிக் கோப்பில் குவிந்து, பொதுச் சேமிப்பகத்தை அடைத்து, உடனிருக்கும் மற்ற சர்வர்களையும் முடக்கிவிடும்.

பல சர்வர்கள் ஒரே டிஸ்க் தொகுப்பில் எழுதும்போது, சீராக வரிசையில் வர வேண்டிய எழுத்து சிதறி விழுகிறது. இரண்டு டிஸ்க் பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்டு 6 அமைப்பில் சிதறிய சிறு எழுத்து ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்குகள் மொத்தம் 6 முறை இயங்க வேண்டும். 16 டிபி டிஸ்க் ஒன்று பழுதானால், நொடிக்கு 200 எம்பி வேகத்தில்கூட மறுகட்டமைப்புக்கு 22 மணி நேரம் பிடிக்கும்; பதிவும் கூடவே நடப்பதால் நாள்கணக்கில் இழுக்கலாம். அந்த நாள்களிலும் ஒரு காட்சிகூட விடுபடாமல் பதிவாகுமா என்று சோதித்த பிறகே கொள்முதல் அளவை முடிவு செய்ய வேண்டும்.

மேலாண்மை சர்வரையும் தரவுத்தளத்தையும் தயங்காமல் மெய்நிகராக்கலாம். பதிவு சர்வரையும் சேர்க்கலாம், அதற்கென்று தனி டிஸ்க் தொகுப்பு ஒதுக்கப்பட்டால் மட்டும். உரிமச் செலவும் கணக்கில் வர வேண்டும்: 2023இல் பிராட்காம் வாங்கிய பிறகு மெய்நிகராக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வேர் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. இருபது முப்பது கேமராக்கள் உள்ள பள்ளிக்கோ கடைக்கோ இவ்வளவும் தேவையில்லை. நல்ல என்விஆர் (கேமராப் பதிவுக் கருவி) ஒன்றும் உதிரி டிஸ்க் ஒன்றும் போதும்.