கை வென்றது, கதை தளர்ந்தது

பொம்மையும் மனிதரும் ஒரே காட்சியில் நின்றால், பார்க்கிற குழந்தை இருவரையும் ஒன்றுபோல நம்ப வேண்டும். ஜிம் ஹென்சன் இயக்கிய 'லாபிரிந்த்' (1986) படத்துக்கு இதுவே உரைகல். அழுகிற தம்பியைப் பூதங்கள் கொண்டுபோகட்டும் என்று ஆத்திரத்தில் சொல்லிவிடும் சாரா, 13 மணி நேரத்துக்குள் சுற்றுவழிப் புதிரைக் கடந்து அவனை மீட்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

கைவேலை அபாரம். ஹாகிள் என்ற குள்ளனின் உடலுக்குள் இருந்து நடப்பவர் ஷாரி வெய்ஸர். முகத்தை வெளியிலிருந்து ரேடியோ கருவிகளால் அசைப்பவர்கள் பிரையன் ஹென்சனும் குழுவினரும். முத்துக்குளித்துறையில் மூழ்கியவருக்கும் தோணியில் கயிறு பிடித்தவருக்கும் இருந்த ஒட்டுறவு இது. ஹாகிள் சாராவைக் காட்டிக்கொடுக்கத் தயங்குவது அந்த ரப்பர் முகத்தில் தெரிகிறது. பாழ்ங்குழியில் சாராவைப் பிடிக்கும் கைகள் அதற்கும் மேல்: வெறும் கைகளே கண்ணாகவும் வாயாகவும் கூடிப் பேசுகின்றன.

சறுக்கலும் உண்டு. தலையைக் கழற்றி ஆடும் தீப்பூதங்களைக் கறுப்புத் துணி முன் தனியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு தெரிந்ததும் நம்பிக்கை போய்விடுகிறது.

பெரிய குறை கதையில்தான். தூத்துக்குடி, குமரி ஊர்களில் ஆடிவந்த தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எவ்வளவு கேலி செய்தாலும் இராமாயணம் நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கே வேடிக்கைகள் வரிசையாக வருகின்றன; ஒன்றை எடுத்துவிட்டாலும் அடுத்தது பாதிக்கப்படாது. உச்சக்கட்டத்தில் சாரா ஹாகிள் முதலான நண்பர்களை வெளியே நிறுத்திவிட்டு, தம்பியைக் கொண்டுபோன பூத அரசனை (டேவிட் போவி) தனியே எதிர்கொள்கிறாள். மனப்பாடம் செய்தும் மறந்துபோய்க்கொண்டிருந்த வசனம் நினைவுக்கு வர, அதனால் வெல்கிறாள். படத்தின் உயிரான பொம்மைகளுக்கு அங்கே வேலையே இல்லை. பதின்வயதுப் பெண்ணை மயக்கப் பார்க்கும் அரசனும் குழந்தைப் படத்தில் நெருடுகிறான்.

வெளியானபோது அமெரிக்கத் திரையரங்குகளில் செலவில் பாதியளவே வசூலித்தது. ஹென்சன் இயக்கிய கடைசி முழுநீளப் படமும் இதுவே. அந்தத் தோல்வி படத்துக்கு நியாயம் செய்யவில்லை; பிற்கால ரசிகர்களின் கண்மூடிய கொண்டாட்டமும் செய்யவில்லை. பொம்மலாட்டக் கலையில் முதல் வரிசை, கதைசொல்லலில் இரண்டாம் வரிசை. அரசன் நெருடினாலும் குழந்தைகளுக்குக் காட்டலாம். தமிழில் இப்படியொரு படம் எடுக்க நினைப்பவர் ஹென்சனிடம் கைவித்தையைக் கற்கட்டும். கதையைக் கட்டிக்காக்க நம் பாவைக்கூத்துக்காரரிடம் போகட்டும்.