மாடிப்படி இந்தி

டெல்லியின் மந்திர் மார்க்கில் வளர்ந்த எனக்கு இரண்டு இந்தி தெரியும். ஒன்று தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை இந்தி. குளித்துத் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வரும். மற்றது சர்க்கார் குவார்ட்டர்ஸின் மாடிப்படியில் ஏறி இறங்கும் இந்தி. கீழ்வீட்டு அல்மோராக்காரர் ஒரு மாதிரி இழுப்பார், எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வேறு மாதிரி உடைப்பார், பால்காரர் இரண்டிலும் சேரமாட்டார். டிவி பேசியது முதல் வகை. 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ தொடங்கியபோதுதான் மாடிப்படி இந்தி பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்டேன். எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி.

ஒரே கை எழுதிய தொடர்கள் என்று எடுத்தால் ‘யே ஜோ ஹை ஜிந்தகி’யின் சரத் ஜோஷி, ‘மிர்ஜா காலிப்’ தந்த குல்ஜார், நம் பக்கம் ‘மர்மதேச’த்தின் இந்திரா சௌந்தர்ராஜன் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். சரத் ஜோஷி அந்த வாரச் சிரிப்பை அந்த வாரமே முடித்துவிடுவார். இந்திரா சௌந்தர்ராஜன் அடுத்த வாரம்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வைப்பார். மனோகர் ஷ்யாம் ஜோஷியின் சொத்து அவருடைய காது. ‘சாப்தாஹிக் இந்துஸ்தா’னின் ஆசிரியராக இருந்தவர், ‘கசப்’ நாவலை எழுதியவர், ‘க்யாப்’ நாவலுக்காக 2005-இன் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றவர். குமாவோன் குடும்பம், அஜ்மீரில் பிறப்பு, டெல்லியில் வாழ்க்கை. ஒருவர் வாயைத் திறந்ததும் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன சம்பளம் என்று கண்டுபிடித்துவிடும் ஆள்.

‘ஹம் லோக்’ பிறந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. மெக்சிகோவில் மிகேல் சபீதோ என்பவர் குடும்பக் கட்டுப்பாட்டையும் எழுத்தறிவையும் தொடர்கதைக்குள் குழைத்துக் கொடுத்து வெற்றி கண்டிருந்தார். நல்ல உதாரணமாக ஒரு பாத்திரம், கெட்ட உதாரணமாக ஒன்று, நடுவில் ஊசலாட ஒன்று என்பது அவர் சூத்திரம். அதை இங்கே நட்டார்கள். முதல் 13 எபிசோடுகளில் மருந்து அதிகம், சர்க்கரை குறைவு; ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். பிரச்சாரத்தைக் குறைத்து, குடும்பத்தைக் குடும்பமாகவே நடமாட விட்ட பிறகுதான் தொடர் எழுந்தது. சிறந்த எபிசோடுகளைப் பொறுக்கச் சொன்னால் அந்தப் பதின்மூன்றையும் நான் தொடமாட்டேன்.

நாங்கள் பார்த்தது கீழ்வீட்டில். மரக்கதவு போட்ட பெட்டி, சாவி ஆன்ட்டிஜியிடம். ஒரு குளிர்கால இரவு, மடியில் முறத்தை வைத்து எல்லாரும் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். திரையில் தொடரின் அப்பா, வினோத் நாக்பாலின் பஸேஸர் ராம், குடித்துவிட்டு வந்தார். முறத்தில் பட்டாணி விழும் சத்தம் நின்றது. அந்த வீட்டு அங்கிள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து பால்கனிக்குப் போய், விளம்பரம் வரும்வரை இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸேஸர் ராம் வரும் எபிசோடுகளை என் பட்டியலின் உச்சியில் வைப்பதற்கு அந்த முதுகுதான் காரணம்.

அடுத்தது பஸேஸர் ராமின் மூத்த மகள் பட்கியின் கல்யாணம். அன்று வட இந்தியாவில் கடைகளைச் சீக்கிரமே சாத்தினார்கள். தொடர் ஓடிய 17 மாதங்களில் சுமார் 4 லட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன. தெற்கே பெரிய நகரங்களில்கூட நூற்றுக்கு 20 முதல் 45 பேர்வரை பார்த்தார்கள். இந்தி எதிர்ப்பில் ரயில் மறித்த தலைமுறையின் வீடுகளும் அதில் இருந்திருக்கும்.

ஒவ்வொரு முடிவிலும் அசோக் குமார் தோன்றி ‘ஹம் லோக்’ என்ற பெயரைப் பல இந்திய மொழிகளில் சொல்வார். இந்தி தெரியாத அம்மா என்னைக் கேட்பாள்: “நாங்களா, நாமளாடி? எங்களையும் சேத்துண்டுதானே சொல்றார்?” இந்தி அந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வதில்லை, ‘ஹம்’ என்று சொல்லித் தப்பித்துவிடும். தமிழில் தப்ப முடியாது. ‘நாம’ என்றே ஒவ்வொரு முறையும் பெயர்த்தேன்.

ஜோஷி எழுதி ரமேஷ் சிப்பி இயக்கிய ‘புனியாத்’ (1986) இன்னும் பெரிய கட்டடம். லாகூரில் தொடங்கும் ஒரு குடும்பம் பிரிவினையில் சிதறி டெல்லியில் வந்து விழும். முப்பதைத் தொட்டிருந்த ஆலோக் நாத், கிழவர் ஹவேலிராமாகத் தளர்ந்து நடந்தார். ஜோஷி எழுதியவற்றில் மிக உயர்ந்தது எதுவென்றால் ஹவேலிராமின் மனைவி லாஜோஜியின் அகதி முகாம் எபிசோடுகளையே சொல்வேன். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் அழவில்லை. கூடாரத்துக் கயிறுகளைக் கூர்ந்து பார்த்து, “எங்களுடையது இவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை” என்றார். அவர் சொன்ன குறை அவ்வளவுதான். பேச்சில் ஒரு பிசகும் அவர் காதில் படவில்லை.

ஓம் புரி நடித்த ஜோஷியின் ‘கக்காஜி கஹின்’ அரசியல்வாதியை அவதி மொழிச் சாயலில் நக்கலடித்தது. நன்றாக இருந்தது, எனக்கு ஒட்டவில்லை. பிரகாஷ் ஜா இயக்க ஜோஷி எழுதிய ‘முங்கேரிலால் கே ஹஸீன் சப்னே’ (1989) வேறு ரகம். ரகுபீர் யாதவ் ஒரு குமாஸ்தா. பகல்கனவில் எல்லாமாகவும் ஆவார், விழித்தால் அதே நாற்காலி. இன்றும் எதிர்க்கட்சியின் ஆசையைக் கேலி செய்ய இந்தியில் அந்தப் பெயரே போதும். பழமொழி ஆகிவிட்ட எபிசோடு எது என்று தனியாகப் பிரிக்க முடியாது.

கமல் ஹாசனின் ‘ஹே ராம்’ படத்துக்கு இந்தி வசனம் எழுதியவரும் ஜோஷிதான். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மந்திர் மார்க்கின் வால்மீகி கோயிலைக் கடந்தோம். 1946-47இல் காந்தி தங்கியிருந்த இடம். பள்ளிக்கூடம் போகையில் நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத இடம்.

ஜோஷியின் காதை மீறிய ஒன்றும் ‘ஹம் லோ’க்கில் நடந்தது. பஸேஸர் ராமின் மனைவி பக்வந்தியை, எல்லாவற்றையும் பொறுத்துப்போவதால் வரும் கேட்டுக்கு உதாரணமாக வைத்திருந்தார்கள். அரவிந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்ஸும் பார்வையாளர்களிடம் ஆய்வு நடத்தியபோது பலர் அவளையே பின்பற்றத் தக்கவள் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சூத்திரம் எழுதியவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். எனக்கு இல்லை. பட்டாணித் தோலை அள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதே அம்மா சொல்லியிருந்தாள்: “எல்லாரும் பேசிண்டே இருக்கா. அவ ஒருத்திதான் வேலையப் பாக்கறா.”