கடல்கட்டியும் உளவியலாளரும்

19ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி முத்துக்குளிப்பின்போது, சுறாக்களின் வாயைக் கட்டுவதாகக் கரையிலிருந்து மந்திரம் ஓதியவர் 'கடல்கட்டி'. அவரில்லாமல் முத்துக்குளிப்போர் கடலில் இறங்க மறுத்ததால், அரசாங்கமே அவரை அமர்த்தியது. மந்திரம் துணிவைத் தந்தது. சுறாவைத் தடுத்ததற்குச் சான்றில்லை.

இன்று தனியாகத் தொழில் நடத்தும் உளவியலாளர் சிலர், 'உங்களுக்கென்றே அமைத்த சிகிச்சை' என்கிறார்கள். நோக்கம் நல்லதே. கடலைக் கண்டு அஞ்சுபவருக்கும் மகனை இழந்து வாடுபவருக்கும் ஒரே முறை பொருந்தாது. ஆனால், பொருந்தியதா என்பதை அளந்தல்லவா அறியவேண்டும்? மனச்சோர்வை அளக்க 9 வினாக்கள் கொண்ட படிவம் உண்டு. மதிப்பெண் 0 முதல் 27 வரை. தொடக்கத்திலும் இடையிலும் அதனால் அளக்கிறாரா? மதிப்பெண் குறையாவிட்டால் முறையை மாற்றுகிறாரா? வாசகரே, கட்டணம் செலுத்துமுன் இவ்விரண்டையும் கேளுங்கள். 'மனம் தெம்பாயிற்று' என்பது மட்டும் போதாது. அதைக் கடல்கட்டியும் தந்தார்.