ஃபராங்க்குக்குச் சலுகை வேண்டாம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பெண் இசையமைப்பாளர் லூயீஸ் ஃபராங்க்கின் மூன்றாவது சிம்பொனியைப் பல இசைக்குழுக்கள் விருந்தாளியை உபசரிப்பதுபோல் மிகுந்த மரியாதையோடு வாசிக்கின்றன. சிக்கலே அங்குதான். 1849 ஏப்ரலில் பாரிஸ் கன்சர்வேட்டரி கச்சேரிச் சங்கம் இதை அரங்கேற்றியபோது, அதே மேடையில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியும் ஒலித்தது. அந்தக் களத்தில் தயங்காமல் இறங்கிய படைப்பு இது.

தொடக்கத்தில் ஓபோ மட்டும் தனியாக ஒலிக்கும். பிறகு மற்ற காற்று வாத்தியங்கள் வந்து சேரும். வேகப் பகுதி பிறந்ததும் பொறுப்பு முழுக்க வயலின்கள் தலையில் விழுகிறது. ஏனென்றால் இதில் டிரம்பெட்டும் இல்லை, டிராம்போனும் இல்லை. கனம் சேர்க்க இரண்டு ஹார்ன்களும் டிம்பனியும்தான். வில் நரம்பைக் கடித்து இழுக்காவிட்டால் ஜி மைனரின் சீற்றம் வெறும் சோகமாக வடிந்துவிடும். நடத்துநர் லாரன்ஸ் எக்கில்பேயின் இன்சுலா ஆர்கெஸ்ட்ரா அக்கால வாத்தியங்களில் செய்த பதிவு இங்கேதான் ஜெயிக்கிறது. தந்திகளின் சத்தத்தில் காற்று வாத்தியங்கள் அமுங்குவதில்லை. ஒன்றுக்கொன்று பதில் சொல்வது துல்லியமாகக் கேட்கிறது. மூன்றாம் பகுதியான ஸ்கெர்ட்ஸோ இன்னும் கடினம். தாழ்ந்த குரலில், அதே சமயம் பாய்ச்சலாக வாசிக்க வேண்டும். ஒலி கூடினாலும் கெட்டது, வேகம் குறைந்தாலும் கெட்டது.

இப்படிப்பட்ட இசை நெடுங்காலம் காணாமல் போனதற்குக் காரணம் அதன் தரமல்ல. அவருடைய மூன்று சிம்பொனிகளில் ஒன்றுகூட அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் கையில் இல்லாமல் எந்த இசைக்குழுவும் ஒத்திகைக்கு உட்கார முடியாது. பாரிஸ் அன்று ஓபராவுக்குத்தான் பணத்தை இறைத்தது, சிம்பொனிகளுக்கு அல்ல. பெண் என்ற தடையும் சேர்ந்துகொண்டது: 1842-லிருந்து கன்சர்வேட்டரியில் பியானோ பேராசிரியராக இருந்தவர், ஆண்களுக்கு இணையான சம்பளம் பெறவே 1850-ல் ஒன்பது வாத்தியங்களுக்கான அவருடைய நானெட் வெற்றி பெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, கையெழுத்துப் பிரதிகள் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் தப்பிப் பிழைத்தன. 1990-களின் இறுதியில் ஜெர்மனியில் அவை முறையாகப் பதிப்பிக்கப்பட்டன.

ஆகவே தாள் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. அவருடைய சின்ன ஓவர்ச்சர் ஒன்றை மட்டும் வாசித்துக் கணக்குக் காட்டுவதையும் நிறுத்த வேண்டும். அரை மணிக்கு மேல் ஓடும் இந்த சிம்பொனியை இடைவேளைக்குப் பிறகு, மாலையின் முக்கிய உருப்படியாக வையுங்கள். வாசிப்பு சரியில்லையென்றால் விமர்சகர்கள் தயங்காமல் திட்டட்டும்.