கடலில் தொடங்கும் மலையேற்றம்

மலையேற்றம் என்றால் அடிவாரத்துக் கிராமத்தில் தொடங்கும். வடக்கு அந்தமானின் சாடில் பீக் அப்படியில்லை. திக்லிபூரை அடுத்த லாமியா விரிகுடாவில் வனத்துறையிடம் அனுமதி பெற்று, அலையோரக் கூழாங்கற்களை மிதித்து நடக்கிறோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. குறுக்கே சிற்றோடைகள். பிறகு பாதை காட்டுக்குள் திரும்பி, வேர்களைப் பற்றிக்கொண்டு ஏற வைக்கிறது. ஈரமும் அட்டைகளும் கூடவே வரும்.

உயரம் 732 மீட்டர்தான். ஆனாலும் அந்தமானின் மிக உயர்ந்த சிகரம் இது. கடல் மட்டத்திலிருந்தே ஏறுவதால் அத்தனை மீட்டரையும் கால்கள் உணர்கின்றன. கொடைக்கானலில் பாதி உயரத்துக்கு மேல் பஸ்ஸே ஏற்றிவிடுகிறதே!

இம்மலையில் பிறக்கும் கல்போங் ஆறு வடக்கே ஓடிக் கடல் சேர்கிறது. தீவுகளின் முதல் நீர்மின் நிலையம் அதில்தான் அமைந்தது. திக்லிபூர் வட்டாரத்தில் ராம்நகர், சீதாநகர், கிஷோரிநகர். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் குடியேறி, வயலாக்கிய ஊர்கள். கோட்டை கொத்தளம் இல்லாத இந்த இளம் ஊர்களின் வரலாறும் எனக்குப் பெரிதாகவே படுகிறது.

மலையேறப் போகிறவர்கள் விடியலிலேயே கிளம்புங்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும்.