சீல் மாற்றும் கை

வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்குப் புழுதி புதிதல்ல. வெயில் காலத்தில் செம்மண் பறக்கும். அரியலூரை நெருங்கினால் சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைத் தூசி. அது டிஸ்க் பிரேக்கின் கேலிப்பருக்குள் போகாமல் தடுப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. பட்டறையில் டஸ்ட் பூட் என்பார்கள். அது கிழிந்தால் பிஸ்டனில் துரு ஏறும், ஜாம் ஆகும். காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும்.

என் ரசனை அதற்கும் உள்ளே இருக்கும் சீல் மீதுதான். பார்த்தால் சதுர வெட்டுள்ள சாதாரண வளையம். பிரேக்கை மிதித்தால் பிஸ்டனோடு சேர்ந்து லேசாக வளைகிறது. விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. டிரம் பிரேக்கில் பெரிய ஸ்பிரிங் செய்யும் வேலையை இங்கே இந்த ரப்பர் செய்கிறது! 1953-ல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்தபோது டிஸ்க் பிரேக்கின் புகழ் உலகெங்கும் பரவியது. அந்தப் புகழில் ரப்பருக்கு யாரும் பங்கு கொடுத்ததாகத் தெரியவில்லை.

நல்ல மெக்கானிக்கைப் பிஸ்டன் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடலாம். எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, கம்ப்ரெசர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். விரலை நடுவில் நீட்டவே மாட்டார். காற்றை மொத்தமாகத் திறந்தால் பிஸ்டன் குண்டு மாதிரி வரும். பழைய சீலை எடுக்க ஸ்குரூ டிரைவரை விடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சீல் உட்காரும் காடியில் ஒரு கீறல் விழுந்தாலும் புது சீல் கசியலாம்.

புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துக் காடியில் உட்கார வைத்து, முறுக்கு விழுந்திருக்கிறதா என்று விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பார். அந்த ஒரு சுற்றுக்காகவே பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். பிறகு பிஸ்டனை இரண்டு பெருவிரல்களால் நேராக அழுத்துவார். சாய்ந்தால் உடனே நிறுத்திவிடுவார், சுத்தியலைத் தேடமாட்டார். கடைசியில் பூட்டின் உதடு பிஸ்டன் பள்ளத்தில் சுற்றிலும் பதிய வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பேரிங் கிரீஸ் டப்பா பக்கம் கை போனால் மட்டும் கூச்சப்படாமல் தடுத்துவிடுங்கள். அந்த கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும்.